கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கி

அமெரிக்காவில் பெண்களுக்கென்றே எழுதப்படும் ஒரு வகை எழுத்து இருக்கிறது. 'உங்கள் முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்பது அதன் பொதுவான தலைப்பு. இதழ்களிலும் கையேடுகளிலும் துப்பாக்கிக் கடைகளின் துண்டறிக்கைகளிலும் இது 30, 40 ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. யார் எழுதினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வேலை முடித்து ஒரு பெண் தனியாக வருவாள். கார் நிறுத்துமிடத்தில் விளக்கு மங்கலாக இருக்கும். பின்னால் காலடியோசை கேட்கும். அடுத்த பத்தியில் எடை, நீளம், எத்தனை தோட்டா, என்ன விலை என்ற விவரங்கள் தொடங்கிவிடும்.

தமிழ் படித்தவளுக்கு இதைப் பார்த்ததும் முதல், கரு, உரி பிரிக்கத்தான் கை போகிறது. நிலம் கார் நிறுத்துமிடம், பொழுது யாமம், உரிப்பொருள் அச்சம். கருப்பொருளுக்குக் கைப்பை, சாவிக்கொத்து, பிஸ்டல். இந்தத் திணையில் வீடு என்ற இடமே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்குள்ள சட்டச் சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்று 2022இல் சொன்னது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், ஆடைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வெளியே போகத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. அதனால் அங்கே இது ஒரு நுகர்பொருள். நாம் மிக்ஸி வாங்கும்போது எத்தனை ஜார், எத்தனை வாட்ஸ், எத்தனை வருட வாரண்டி என்று கேட்பதைப் போல அவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பெண்களை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. அந்தக் கேள்விகளை அவர்களுக்கு யார் தயாரித்துக் கொடுத்தார்கள் என்று பார்க்கவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி அளவு. பெண் என்றால் சிறிய துப்பாக்கி என்பது இந்த எழுத்தில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. கை சிறியது, பை சிறியது, ஆகவே துப்பாக்கியும் சிறியது. ரூகர் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த எல்சிபி என்ற பிஸ்டல் தோட்டா போடாமல் சுமார் 270 கிராம்தான் இருக்கும். ஒரு பெரிய கைப்பேசியின் எடையைவிடச் சற்றுக் கூடுதல். விலையும் குறைவு. கடைக்காரரோ கணவரோ காதலரோ ஒரு பெண்ணின் கையில் முதலில் எடுத்து வைப்பது இப்படியொன்றைத்தான்.

ஆனால் துப்பாக்கியின் பௌதிகம் இந்தத் தர்க்கத்துக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. தோட்டா வெளியேறும்போது பின்னோக்கி வரும் உதையைத் துப்பாக்கியின் எடைதான் தாங்க வேண்டும். எடை குறையக் குறைய அந்த உதை நேராகக் கைக்கும் மணிக்கட்டுக்கும் வருகிறது. பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, பிடிமானம் தளரும். குழல் குட்டையாக இருந்தால் குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே தூரம் குறையும். சிறு பிசகும் பெரிய பிசகாகிவிடும். பிஸ்டலைச் சுடத் தயார்படுத்த அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். சிறிய பிஸ்டலில் அந்த மேல்பாகம் இலேசாக இருப்பதால், அதை அடக்கிவைக்க உள்ளே இறுக்கமான சுருள்வில் வைக்கிறார்கள். ஆகவே சின்னதுதான் இழுக்கக் கடினமானது. 'அப்படியானால் ரிவால்வர் வாங்கு, இழுக்கவே வேண்டாம்' என்பது அடுத்த ஆலோசனை. அரைக் கிலோகூட இல்லாத குட்டி ரிவால்வரின் விசையை ஒவ்வொரு முறை அழுத்தவும் விரலில் ஐந்து கிலோ அளவுக்கு பலம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் கொடுத்தும் குறி நகராமல் இருக்க வேண்டும். நீண்டகாலம் பயின்றவர்களுக்கு உரிய கருவி, பயிற்சியே இல்லாதவர்களின் கையில் 'உனக்கு இதுதான் சுலபம்' என்று கொடுக்கப்படுகிறது.

இதைத் துப்பாக்கித் தொழிலும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் மேல்பாகத்தை எளிதாக இழுக்கக்கூடிய ஒரு பிஸ்டலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அத்தனை குட்டியானதும் அல்ல. பெண்கள் மட்டுமின்றி விரல் மூட்டு வலியுள்ள வயதான ஆண்களும் அதை வாங்கினார்கள். கையின் வலுவைப் பற்றிய ஒரு வடிவமைப்புச் சிக்கலை அதுவரை 'பெண்' என்ற சொல்லால் குறித்துவந்திருக்கிறார்கள். சிக்கலைத் தீர்க்க முயன்றபோது அந்தச் சொல்லே தேவைப்படவில்லை.

அதற்கு முன்பு அவர்கள் செய்ததெல்லாம் பெயர் சூட்டலும் வண்ணம் பூசலும்தான். இதே நிறுவனம் 1989இல் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் பெண்களுக்கான ரிவால்வர்களை அறிமுகப்படுத்தியது. அந்தப் பெயர் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஏழு தோட்டா ரிவால்வர் ஒன்று அதே பெயரில் சுமார் 20 ஆண்டுகள் விற்றது. துப்பாக்கி சேகரிப்பவர்கள் அதைப் பற்றி ஒரு கதையை விரும்பிச் சொல்வார்கள்: பாலியல் தொழிலாளர்கள் அதை அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் நிறுவன முதலாளி மனம் நொந்து தயாரிப்பையே நிறுத்திவிட்டாராம். கதையின் மெய்ம்மையைவிட அது இவ்வளவு காலம் நிலைத்திருப்பதுதான் கவனிக்கத் தக்கது. இரவில் தெருவில் மிக அதிக ஆபத்தில் நின்ற பெண்கள் தற்காப்புக்கு ஆயுதம் வாங்கினால் அது பொருளின் பெயருக்குக் களங்கம். 'லேடி' என்ற சொல்லுக்குள் எந்தப் பெண் வரலாம், எந்தப் பெண் வரக் கூடாது என்பது துப்பாக்கிக் கடையிலும் தீர்மானமாகியிருந்தது. இப்போது சார்ட்டர் ஆர்ம்ஸ் நிறுவனம் 'பிங்க் லேடி' என்றே ஒரு ரிவால்வர் விற்கிறது. இளஞ்சிவப்பில் இருந்தால் உதை குறையுமா என்ன?

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தங்கை பிறந்தாள். 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கான இந்தியாவின் முதல் துப்பாக்கி என்று அறிவித்தார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், ஆறு தோட்டா, எடை சுமார் 500 கிராம். நகைப்பெட்டி போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் வன்புணர்வுக்கு உள்ளாகி இறந்த மாணவியின் பெயரைச் சட்டப்படி வெளியிட முடியாததால், ஊடகங்கள் அவருக்கு 'நிர்பயா' என்று பெயர் வைத்தன. அச்சமற்றவள் என்று பொருள். 'நிர்பீக்' அதே பொருள் தரும் இன்னொரு இந்திச் சொல். ஒரு பெண்ணின் அடையாளத்தைக் காப்பதற்காகப் பிறந்த பெயர், 13 மாதங்களில் விற்பனைப் பெயராகிவிட்டது. அதுவும் தனியார் வணிகர் கையில் அல்ல. அந்த இரவில் பேருந்துகளையும் சாலைகளையும் கண்காணிக்க வேண்டிய அதே அரசின் தொழிற்சாலை அதைச் செய்தது. மணிப்பூரில் துப்பாக்கி வன்முறையில் குடும்பத்தினரை இழந்த பெண்களோடு பணியாற்றிவரும் பினாலட்சுமி நெப்ரம், இது அரசு தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்வது என்று அப்போதே கண்டித்தார். துப்பாக்கியை அருகிலிருந்து அறிந்தவரின் குரல் அது.

நகைப்பெட்டியில் கிடக்கும் ஆயுதத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஔவை வந்து நிற்கிறாள். தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு அவள் பாடிய புறநானூற்றுப் பாடலை (95) நம் மாணவிகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக வைக்கப்பட்ட ஆயுதங்களை அவள் புகழ்வதுபோல் பழிக்கிறாள். அலங்கரிக்கப்பட்ட ஆயுதம் பயன்பாட்டைக் கருதிச் செய்யப்படுவதில்லை என்பதை ஒரு பெண் கவி பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள்.

வெளியானபோது நிர்பீக்கின் விலை 1,22,360 ரூபாய். அதற்கு மேல் உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணை முடிந்து, அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும். இரவுப் பணி முடித்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பின்னலாடைத் தொழிலாளிக்கோ, விடியற்காலையில் பூமார்க்கெட் போகும் பெண்ணுக்கோ இது செய்யப்படவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 200, 300 டாலருக்குள்ளேயே சிறு பிஸ்டல்கள் கிடைக்கின்றன. உடலோடு சேர்த்து அணியும் நல்ல உறை, பழகுவதற்கான தோட்டாக்கள், பயிற்சிக் கட்டணம், சுடுதளத்துக்குப் போய்வரும் அரைநாள், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று மீதியைக் கூட்டினால் துப்பாக்கியின் விலை அதில் சிறு பகுதிதான். சிக்கன விலைக் கையேடுகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எந்தக் கையேட்டிலும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் 'மலிவான துப்பாக்கி' என்ற சொல்லை எளிதாக இகழ்ந்துவிடவும் முடியாது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1879இல் டென்னஸி மாநிலமும் 1881இல் ஆர்க்கன்சாஸ் மாநிலமும் படையினர் பயன்படுத்தும் விலையுயர்ந்த ரிவால்வர்களை விட்டுவிட்டு மற்றக் கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தன. சட்டத்தில் கறுப்பர் என்ற சொல் இல்லை. விலையே அந்த வேலையைச் செய்துவிட்டது. அதே டென்னஸியின் மெம்ஃபிஸ் நகரில் 1892இல், தன் நண்பர் தாமஸ் மோஸ் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டதும் இதழாளர் ஐடா பி. வெல்ஸ் ஒரு பிஸ்டல் வாங்கினார். சட்டம் தராத பாதுகாப்புக்காகக் கறுப்பர் வீடு ஒவ்வொன்றிலும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டே எழுதினார். பெண்ணியத்துக்கும் ஆயுதத்துக்கும் உறவே இல்லை என்று நாம் பேசத் தொடங்கினால் வெல்ஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவருக்கு எதிரி யாரென்று தெரிந்திருந்தது. அவர்களின் பெயர், தெரு, எந்த அதிகாரி உடந்தை என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அவற்றைத்தான் அவர் செய்தித்தாளில் எழுதினார்.

கையேடுகளில் வரும் எதிரிக்கோ முகமே இல்லை. அவன் எப்போதும் அந்நியன். லேடிஸ்மித் வந்த அதே 1989இல் பாக்ஸ்டன் குவிக்லி எழுதிய 'ஆர்ம்டு அண்ட் ஃபீமேல்' என்ற நூல் இந்த வகை எழுத்தின் முன்மாதிரி. குவிக்லி ஒருகாலத்தில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வேலை செய்தவர்; தோழி ஒருவர் வன்புணர்வுக்கு ஆளானபின் மனம் மாறியவர். அந்த வலி உண்மையானது. அந்த வலியை எடுத்துக்கொண்ட தொழில் அதோடு என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. 1993இல் தேசிய ரைஃபிள் சங்கம் பெண்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் 'பலியாக மறுத்துவிடு' என்று சொல்லலாம். (அந்தப் பயிற்சியில் துப்பாக்கி சுடக் கற்றுத்தருவதில்லை என்பது வேடிக்கை.) பலியாக மறுப்பது ஒரு தேர்வு என்றால், பலியானதும் ஒரு தேர்வாகிவிடுகிறது. ஏன் தனியாகப் போனாய், ஏன் அந்த உடை, ஏன் அந்த நேரத்தில் என்று நமக்குப் பழகிப்போன கேள்விகளின் வரிசையில் 'ஏன் துப்பாக்கி இல்லாமல் போனாய்' என்பதும் ஒருநாள் சேர்ந்துகொள்ளும்.

இந்தத் திணையில் இல்லாத வீட்டுக்கு இப்போது வரலாம். செவிலியர் துறை ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல்லும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் 11 நகரங்களில், துணைவரால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது அதன் முடிவு. துப்பாக்கியை யார் பெயரில் வாங்கினார்கள் என்பது நள்ளிரவில் அலமாரிக்குத் தெரியாது. அடித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மனைவியை, முன்னாள் மனைவியை, சேர்ந்து வாழ்ந்தவளை, தன் குழந்தையின் தாயை அடித்தவருக்குத்தான் அது பொருந்தியது. காதலியை அடித்தவன் 2022 வரை அதில் வரவில்லை. 2024இல் ரஹிமி வழக்கில், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட ஆணிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெண் உயிரோடு இருப்பதற்கு இவை எல்லாம் நேரடியாகத் தொடர்புடையவை. கையேடு இவற்றைப் பேசாது. இவற்றில் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

நம் நாட்டிலும் கதை ஒன்றுதான். பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. மாமன், அண்ணன் முறை, பக்கத்து வீட்டுக்காரர், காதலிப்பதாகச் சொன்னவன். எந்த நொடியில் கைப்பையைத் திறப்பது?

கைப்பை என்றதும் இன்னொன்று. பெண்ணின் உடைகளில் பை வைப்பதில்லை. இடுப்புவார் கட்டும் உடையும் குறைவு. ஆகவே துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்துத் தைத்த தோள்பைகள் சந்தைக்கு வந்தன. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஹெய்டன் என்ற ஊரின் வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு பையைத் திறந்து தன் தாயைச் சுட்டுக் கொன்றது. அந்தத் தாயிடம் உரிமம் இருந்தது. பை, கணவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. துப்பாக்கியை உடம்போடுதான் வைத்திருக்க வேண்டும், பையில் வைக்கக் கூடாது என்று பொறுப்பான பயிற்சியாளர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பை மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறது.

முதுகலை வகுப்பில் விளம்பரங்களைப் பிரதிகளாக வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. நிர்பீக்கைப் பற்றிப் பேசி முடித்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்ப பொண்ணுங்க துப்பாக்கி வச்சுக்கவே கூடாதுன்னு சொல்றீங்களாம்மா?" அப்படிச் சொல்லவில்லை என்றேன். துரத்தப்பட்டு, புகார் கொடுத்து, யாரும் கேட்காமல், கடைசியில் 250 டாலரை எண்ணிக் கொடுக்கும் ஒரு பெண்ணிடம் போய் 'ஆயுதம் ஆண்மையின் குறியீடு' என்று வகுப்பெடுக்க எனக்கு உரிமை இல்லை. "அவ வாங்கிட்டு வந்ததை சுட்டா, சட்டம் அவ பக்கம் நிக்குமா?" என்று அடுத்து கேட்டாள் அவள். அந்தக் கேள்விக்குத்தான் மரிசா அலெக்சாண்டரின் வழக்கைச் சொன்னேன்.

ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில், 2010 ஆகஸ்ட். மரிசா கறுப்பினப் பெண், மூன்று குழந்தைகளின் தாய். கடைசிக் குழந்தை குறைமாதத்தில் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கணவர் மீது முன்பே நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்தார். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதி அவரிடம் இருந்தது. கையேடுகள் சொல்லும் எல்லாவற்றையும் செய்து முடித்தவர் அவர். அன்று கணவர் மிரட்டியபோது கார்க்கொட்டகைக்கு ஓடினார். கதவு திறக்கவில்லை என்று பின்னர் சொன்னார். காரிலிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்து ஒரே ஒரு முறை சுட்டார். யாருக்கும் காயமில்லை. தாக்கப்படுபவர் பின்வாங்க வேண்டியதில்லை என்று சொல்லும் ஃபுளோரிடாவின் புகழ்பெற்ற தற்காப்புச் சட்டம் தனக்கும் பொருந்தும் என்று வாதாடினார். வெளியே போயிருக்கலாம், உள்ளே திரும்பி வந்தவர் அஞ்சியவராக இருக்க முடியாது என்றது நீதிமன்றம். உள்ளே என்பது அவருடைய வீடு.

2012இல் நடுவர் குழு 12 நிமிடங்களில் குற்றவாளி என்று முடிவு செய்தது. துப்பாக்கி பயன்படுத்தியதற்கான கட்டாயத் தண்டனை 20 ஆண்டு. தற்காப்பை நிரூபிக்கும் சுமையை அவர் மேல் தவறாக ஏற்றிவிட்டார்கள் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அரசுத் தரப்பு இந்த முறை 60 ஆண்டு கேட்கத் தயாரானது. ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்ட மரிசா 2015 ஜனவரியில் வீட்டுக்கு வந்தார். அதற்குள் சிறையில் மூன்று ஆண்டுகள் போயிருந்தன. காலில் கண்காணிப்புக் கருவியோடு இன்னும் இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள்.